ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் கடைசி பெஞ்ச் ஏன் தூங்குகிறது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டாம் ஆண்டு வகுப்பு, 62 பேர், சாப்பாட்டு மணிக்குப் பிறகு வரும் பீரியட். நிர்வாகம் பெரிய தொடுதிரை மாட்டிக் கொடுத்திருக்கிறது. கூகுள் கிளாஸ்ரூம் இருக்கிறது. நீங்களும் ராத்திரி கண்விழித்து பிபிடி தயாரிக்கிறீர்கள், நடுவில் வீடியோ போடுகிறீர்கள். போனில் விடை அழுத்தும் வினாடி வினா ஆப்பான கஹூட் வைத்தால் பத்து நிமிடம் ஒரே கூச்சல், அப்புறம் கடைசி மூன்று பெஞ்சும் பழையபடி மேஜைக்கடியில் போனுக்குள் போய்விடுகிறது. ‘இன்னும் எந்த ஆப், எந்த டூல் பயன்படுத்தினால் கவனிப்பார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள், ஏ.ஐ. பற்றியும்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளைகளை விழித்திருக்க வைப்பது எப்படி என்பது ஒன்று, அவர்களுக்குப் பாடம் ஏறுகிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆப் நிறைய உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு வாரம் வேலை செய்யும். இரண்டாவதற்குப் பதில் தேட வேண்டுமானால் ‘அந்த ஐம்பது நிமிடத்தில் மாணவர் தன் தலையை வைத்து என்ன வேலை பார்க்கிறார்?’ என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், இப்போது வேலை எல்லாம் உங்களுடையது, அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். திரையைப் பெரிதாக்கினால் வேடிக்கைதான் பெரிதாகும்.

நான் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 23 வருடமாக மின்னியல் பாடங்கள் நடத்துகிறேன். சர்க்யூட் தியரி, மெஷின்ஸ், முதலாண்டுக்கு அடிப்படை மின்னியல். ஆகவே கீழே சொல்வதெல்லாம் கணக்கும் கருத்தும் கலந்த பாடங்களுக்கு, அறுபது பேர் வகுப்புக்கு. தமிழ் இலக்கியமோ வரலாறோ நான் நடத்தியதில்லை. அங்கே இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில் நான் இருந்த கல்லூரிக்கு புரொஜெக்டர் வந்தபோது முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டவன் நான்தான். ஏ.சி. சர்க்யூட் யூனிட்டுக்கு மட்டும் 90 ஸ்லைடு போட்டேன். கரும்பலகையில் ஒரு ஃபேஸர் படம், அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அம்புக்கோடுகளாகக் காட்டும் படம், வரைய ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். மின்னழுத்தக் கோட்டைப் போட்டு, கோணம் பார்த்து, மின்னோட்டக் கோட்டைப் போட்டு, அம்புக்குறி வைத்து, திரும்பி வகுப்பைப் பார்த்து, அடுத்த கோடு. அந்த ஏழெட்டு நிமிடத்தை வீண் என்று நினைத்தேன். ஸ்லைடில் ஒரு கிளிக் போதும். ஒன்பது பீரியட் யூனிட்டை ஆறில் முடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் பெருமையாகக்கூடச் சொன்னேன். இன்டர்னல் பேப்பர் வந்ததும் பார்த்தால், மின்னோட்டம் பின்தங்கும் லேகிங் வர வேண்டிய இடத்தில் அது முந்தும் லீடிங், லீடிங் வர வேண்டிய இடத்தில் லேகிங். முந்தைய வருடங்களைவிட மோசம். ஒரு பையன்தான் காரணம் சொன்னான்: “சார், நீங்க போர்டுல போடும்போது நாங்களும் கூடவே போட்டுட்டு வருவோம். இப்ப பார்க்கிறதோட சரி.” சாக்பீஸின் வேகமும் மாணவர் பேனாவின் வேகமும் ஒன்று. நான் இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கருவி வந்தாலும் ஒரே ஒரு சோதனைதான் வைக்கிறேன். இது யாருடைய வேலையைக் குறைக்கிறது? மாணவர் யோசிக்க வேண்டிய வேலையைக் குறைத்தால் வேண்டாம். அவர் எங்கே தப்பாக யோசிக்கிறார் என்பது நாளைய வகுப்புக்கு முன் எனக்குத் தெரிய வைத்தால் வரட்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்த ஆசிரியர், அவர் வகுப்பில் தேர்வு மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. 1990 வாக்கில் விசை, இயக்கம் பற்றிச் சூத்திரமே தேவைப்படாத எளிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைப் போட்ட அதே பிள்ளைகள் இதில் தடுமாறினார்கள். ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை நம் வகுப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பிறகு மஸூர் விரிவுரையைச் சுருக்கி, கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி பதில் வாங்கும் முறைக்கு மாறினார்.

இப்படி நடத்தினால் விளங்குகிறதா என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 வகுப்புகளில் படித்த 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். பாடம் தொடங்கும் முன் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கு முடிவில் தெரிந்திருக்கிறது என்பது அவருடைய கணக்கு. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சராசரி 0.23, கலந்து பேசி விடை தேடிய வகுப்புகளில் 0.48. ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014-இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை வகுப்பில் தோல்வி சுமார் 34 சதவீதம், மாணவர் கைவைத்துச் செய்யும் வகுப்பில் சுமார் 22. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளை எடுத்துக்கொண்டால் இதை நான் உறுதியானது என்றே வைப்பேன். ஆனால் ஹேக் தொகுப்புக்குத் தாங்களாக முன்வந்துதான் ஆசிரியர்கள் விவரம் அனுப்பினார்கள், ஆர்வம் உள்ளவர் எப்படி நடத்தினாலும் கொஞ்சம் நன்றாகத்தான் நடத்துவார். போக, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. எனவே எண்ணை அப்படியே நம்மூருக்குத் தூக்கி வராதீர்கள். திசையை நம்பலாம்.

இனி வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். என் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. 60 வாட் குண்டு பல்பு ஒன்று, 100 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டையும் தொடராக, அதாவது சீரிஸில், 230 வோல்ட்டில் இணைக்கிறோம். எது அதிக வெளிச்சம் தரும்? முதலில் பேசக் கூடாது. ஒரு நிமிடம் தனியாக யோசித்து நோட்டில் எழுத வேண்டும். எழுதியதும் தன் விடைக்கான அட்டையைத் தூக்க வேண்டும். ‘100’ என்று ஒரு காடு மாதிரி அட்டைகள் எழும், நடுவே இருபது இருபத்தைந்து ‘60’. நான் முகத்தில் எதையும் காட்ட மாட்டேன். இதுதான் கஷ்டம், பழக வேண்டும். “சரி, பக்கத்தில் வேறு பதில் எழுதியவரைப் பிடித்து மூன்று நிமிடத்தில் மாற்றுங்கள்” என்பேன்.

அந்த மூன்று நிமிடம் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தால் கேட்கும். “டேய், வாட் ஜாஸ்தின்னா வெளிச்சம் ஜாஸ்தி, இதுல என்னடா இருக்கு?” “தனித்தனியா 230 குடுத்தாத்தான்டா அந்த வாட். சீரிஸ்ல வோல்டேஜ் பிரிஞ்சிடும்ல.” “பிரிஞ்சா பாதிப் பாதி.” “ஏன் பாதி? ரெசிஸ்டன்ஸ் சமமா?” இந்தக் கடைசிக் கேள்வியில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது. அதை நான் கேட்டிருந்தால் ‘சார் கேட்டார்’ என்று போயிருக்கும், ரூம்மேட் கேட்டதால் கால்குலேட்டர் வெளியே வருகிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் சுமார் 882 ஓம், 100-ஆல் வகுத்தால் 529. மின்னோட்டம் இரண்டிலும் ஒன்று, ஆகவே மின்தடை அதிகமான 60 வாட் பல்புதான் பளிச். மறுபடி அட்டை தூக்கச் சொன்னால் காடு ‘60’ பக்கம் சாய்ந்திருக்கும். அப்புறம் மரப்பலகையில் பொருத்திக் கொண்டுவந்த இரண்டு ஹோல்டருக்கும் சுவிட்சைப் போடுவேன். 60 எரியும், 100 கம்பி சிவந்தும் சிவக்காமலும் நிற்கும். கடைசி பெஞ்ச் எழுந்து நின்று பார்க்கும். கணக்குப்படி 60 வாட் பல்பில் சுமார் 23 வாட், மற்றதில் சுமார் 14. ஒரு வருடம் ஒரு மாணவி, “பல்பு முழுசா சூடாகலையே சார், ரெசிஸ்டன்ஸும் குறையும்ல, அப்ப இந்தக் கணக்கே தப்புதானே?” என்று கேட்டாள். தப்புதான். அந்தக் கேள்விக்காக அடுத்த பீரியட்டில் பாதி போனது. நான் வருத்தப்படவில்லை.

முதல் வாக்கெடுப்பில் எத்தனை பேர் சரி என்பதைப் பார்த்துத்தான் அடுத்த அடி. மஸூர் வழக்கத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் சரியாகச் சொன்னால் அந்தக் கருத்தை மறுபடி நடத்த வேண்டும், விவாதத்துக்கு விட்டால் குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதையாகிவிடும். 70-க்கு மேல் என்றால் இரண்டு வரி விளக்கிவிட்டு நகரலாம். நடுவில் வந்தால்தான் பேசவிட வேண்டும். இங்கேதான் தொழில்நுட்பத்துக்கு நியாயமான வேலை இருக்கிறது. 62 அட்டையைக் கண்ணால் எண்ண முடியாது. பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கட்டம் போட்ட ஒரு காகித அட்டை, எந்தப் பக்கத்தை மேலே தூக்குகிறார்களோ அது பதில், ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஓட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். மாணவர் கையில் போனே வேண்டாம். போன் இருந்தாலும் பரவாயில்லை என்றால் கூகுள் ஃபார்ம் போதும். அதுவும் இல்லையா, நான்கு நிறத்தில் சார்ட் பேப்பர் வாங்கி வெட்டுங்கள். வண்ணத்தைப் பார்த்தாலே பெரும்பான்மை தெரியும். உங்கள் பெரிய தொடுதிரை இதில் எதற்கும் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நிர்வாகம் கேட்டால் வாக்கு எண்ணிக்கைப் படத்தை அதில் காட்டுங்கள், இரு தரப்புக்கும் திருப்தி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் துறைத்தலைவர் உங்களைக் கூப்பிடுவார். ‘சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே பேசிக்கச் சொல்றார்’ என்று ஃபீட்பேக் வரும். எனக்கு வந்தது. ஹார்வர்டில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராக அளந்தது. தாங்களே முயன்று விடை தேடிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது, தேர்வில் வரவில்லை. மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் என்ன பேசினார் என்று யாராவது கேட்டால் விழிப்போமே, அதுதான். ஆகவே முதல் வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, ஏன் இப்படி நடத்தப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் இன்டர்னல் முடிந்ததும் இன்னொரு முறை சொல்லுங்கள்.

அடுத்தது பாடத்தை அமைப்பது. நீங்கள் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஆனால் கருவிகளைவிட இதுதான் பெரிது. ‘இப்படிப் பேசவிட்டால் போர்ஷன் எப்போது முடிப்பது?’ என்று மனதில் ஓடுகிறதல்லவா? சிலபஸில் யூனிட்டுக்கு 9, ஐந்து யூனிட், மொத்தம் 45 பீரியட் என்று அச்சாகியிருக்கும். கலைவிழா, இன்டர்னல், திடீர் விடுமுறை எல்லாம் போக 38 கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த 38-இல் எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடிப்பது என்பது நாமாகச் சுமந்துகொண்ட சிலுவை. எல்லாம் சொல்லத் தேவையில்லை. வரையறைகள், பாகங்களின் பெயர்கள், புத்தகத்தில் தெளிவாக இருக்கும் டெரிவேஷன் இவற்றை அவர்கள் படித்து வரலாம். வகுப்பு நேரம் இடறும் இடங்களுக்கு.

இடறும் இடங்கள் எவை என்று கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வேண்டாம், நமக்கென்றே பேப்பர் திருத்தும் முகாம் இருக்கிறதே! வேல்யுவேஷனுக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரித் தப்புகளை ஒரு வரியில் குறித்துக்கொள்வேன், யார் எந்தக் கல்லூரி என்றெல்லாம் தெரியாது, தப்பு மட்டும்தான். சில வருடங்களில் ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு பதினான்கு இடம் தேறியது. ‘டிரான்ஸ்ஃபார்மரில் லோடு ஏற்றினால் கோர் ஃப்ளக்ஸ் (இரும்பு மையத்தில் ஓடும் காந்தப் பாயம்) கூடும்’ என்பது ஒன்று, எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதும். என் பாடத் திட்டம் இப்போது அந்தப் பன்னிரண்டைச் சுற்றித்தான். ஒவ்வொன்றுக்கும் பல்புக் கேள்வி மாதிரி இரண்டு மூன்று கேள்விகள். மீதி அதை ஒட்டி.

அடுத்து மதிப்பெண். கல்வி ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் எழுதியதன் சாரம் எளிது: எதை எதிர்பார்க்கிறோம், வகுப்பில் என்ன செய்ய வைக்கிறோம், தேர்வில் என்ன கேட்கிறோம், மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும். நாம் இதையே சி.ஓ. (பாடத்தின் இலக்கு), பி.ஓ. (படிப்பின் இலக்கு) என்று அட்டவணை போட்டு, தர அங்கீகாரத்துக்கான அக்ரெடிடேஷன் ஃபைலில் கட்டி வைத்துவிட்டோம். வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டு இன்டர்னலில் ‘வரையறு’ என்று கேட்டால் பிள்ளைகள் சரியாகத்தான் முடிவெடுப்பார்கள்: மனப்பாடம். செமஸ்டர் வினாத்தாள் நம் கையில் இல்லை. இரண்டு மார்க், பதிமூன்று மார்க், பதினைந்து மார்க் என்று அது வரும். ஆனால் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40 ஆகியிருக்கிறது. அந்த வினாத்தாளைத் துறையில் நாம்தான் எழுதுகிறோம். அதிலுள்ள பத்து இரண்டு மார்க் கேள்விகளில் மூன்றை மட்டும் பல்புக் கேள்வி மாதிரி மாற்றிப் பாருங்கள். அடுத்த வாரமே வகுப்பில் விவாதத்துக்கு மரியாதை வரும்.

வாரம் ஒரு சிறு தேர்வு, பத்து நிமிடம், சொற்ப மார்க், மோசமான இரண்டு கழிக்கப்படும். இதையும் உறுதியானவற்றில் சேர்ப்பேன். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதமும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75-உம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ஸ்டடி ஹாலிடேஸில் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் படிப்பதன் கதை இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது. என் தேர்வில் ஒரு கேள்வியாவது முந்தைய யூனிட்டிலிருந்து வரும். மார்க் உள்ள தேர்வை நான் காகிதத்தில்தான் வைக்கிறேன். கூகுள் ஃபார்ம் என்றால் விடை பெஞ்ச் தாண்டுவதற்குள் வாட்ஸப்பில் ஊர் சுற்றி வந்துவிடும். மார்க் இல்லாத கேள்விகளுக்கு ஃபார்ம்தான் அருமை, யார் எதில் தப்பு என்று ஒரே பார்வையில் படம் கிடைக்கிறது.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் நானும் பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் 48 நிமிடம், வகுப்பை அப்படியே கேமரா முன் நடத்தினேன். யாரும் முழுதாகப் பார்க்கவில்லை என்பதை அவர்கள் கேட்ட சந்தேகங்களிலிருந்தே தெரிந்துகொண்டேன், பத்தாவது நிமிடத்துக்கு மேல் ஒரு சந்தேகமும் வராது! எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் வந்த கட்டுரை, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிப் பேர் தாக்குப்பிடிப்பது ஆறு நிமிடத்துக்குள்தான் என்றது. அது இணைய வழியில் தாமாகச் சேர்ந்தவர்கள் பற்றியது, நம் மாணவருக்கு அந்த ஆறு நான்காகவும் இருக்கலாம். இப்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் போடுவதில்லை. ஒரு கருத்து, முடிவில் ஒரு கேள்வி, அந்தக் கேள்வியில்தான் மறுநாள் வகுப்பு தொடங்கும். வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போடும் தலைகீழ் வகுப்பு முறையை முழு செமஸ்டருக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்காமல் வரும் முப்பது பேரை வைத்துக்கொண்டு அது ஓடாது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் இணையத்தில் தரும் என்பிடெல் விரிவுரைகளை மேலும் படிக்க விரும்பும் பத்துப் பேருக்கும், நமக்கும் சிபாரிசு செய்வேன். புதிதாக ஒரு பாடம் கையில் விழும்போது என்னைக் கரை சேர்த்தது அதுதான். மொத்த வகுப்பையும் அதில் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அசைன்மென்ட் விடைகள் குழுக்களில் சுற்றும், சான்றிதழ் கூடும்.

கஹூட் பற்றிச் சுருக்கமாக. தூக்கத்தைக் கலைக்க நல்லது. ஆனால் வேகமாக அழுத்தினால் அதிகப் புள்ளி என்பது யோசிப்பதற்கு எதிரி. பல்புக் கேள்வியை அதில் போட்டால் 100 ஜெயித்துவிடும்.

சந்தேகத்துக்குரியவை இரண்டைச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்களில் (எஃப்டிபி) இவை அடித்துச் சொல்லப்படுவதால். ‘சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், அதற்கேற்ப நடத்துங்கள்’ என்பது ஒன்று. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் குழு ஆராய்ந்து, இதற்குத் தக்க சான்று இல்லை என்று எழுதியது. யார் எந்த வகை என்று பார்க்கும் படிவத்தை நிரப்ப ஒரு பீரியட்டைச் செலவழிக்காதீர்கள். இன்னொன்று, லேப்டாப்பில் குறிப்பெடுத்தால் ஏறாது, கையால் எழுதினால்தான் ஏறும் என்பது. 2014-இல் அப்படி ஒரு பிரபலமான ஆய்வு வந்தது, பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. நான் கையால் எழுதத்தான் சொல்வேன், ஆனால் அதற்குக் காரணம் ஃபேஸரை டைப் அடிக்க முடியாது என்பது மட்டுமே.

ஏ.ஐ. பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். துருக்கியில் பள்ளி மாணவர்கள் சுமார் ஆயிரம் பேரை வைத்துக் கணிதத்தில் ஒரு சோதனை நடந்தது. சாட்பாட் துணையோடு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள் 48 சதவீதம் அதிகம் சரியாகப் போட்டார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, சாட்பாட்டையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த சாட்பாட்டில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. என் புரொஜெக்டர் கதையும் இதுவும் ஒன்றுதான், வேலையைத் தானே செய்துவிடும் கருவி. நன்றாக வடிவமைத்த ஏ.ஐ. ஆசிரியரிடம் மாணவர்கள் நன்கு கற்றதாக ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பிலிருந்தும் ஆய்வு வந்திருக்கிறது, ஆகவே கதவைச் சாத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கல்லூரிகளில் மாணவர் திறப்பது அப்படி வடிவமைத்த ஒன்றை அல்ல, சும்மா விடை தருவதைத்தான். அதைத் தடுக்க முடியாது. அசைன்மென்ட் வந்ததும் வாரம் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கிக் கூப்பிட்டு, “இந்த 10 ஓமை 20 ஆக்கினால் உன் விடையில் எது மாறும்?” என்று இரண்டு நிமிடம் கேட்கிறேன். தானே போட்டவருக்கு இது கேள்வியே இல்லை. சாட்பாட்டில் எடுத்தாலும் புரிந்துகொண்டு எழுதியவர் சமாளிப்பார், அவருக்கு மார்க் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இதற்கு என்னிடம் ஆய்வுச் சான்று எதுவும் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது, ஆனால் உங்கள் வகுப்பும் என் வகுப்பும் ஆங்கில வழி என்று பெயர். அதில் பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். கேள்வியை ஆங்கிலத்தில் போடுங்கள், தேர்வு அப்படித்தான் வரும். அந்த மூன்று நிமிடச் சண்டை தமிழில் நடக்கட்டும். ‘ஸ்பீக் இன் இங்கிலீஷ்’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், வகுப்பு மயான அமைதி. கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பாடம் தெரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். சில சமயம் அவர்களிடம் இல்லாதது ஆங்கிலத்தில் தப்பு செய்யும் துணிச்சல் மட்டும்தான்.

காலை ஆறு மணிக்குக் கல்லூரி பஸ் ஏறியவன் மதியம் ஒன்றே முக்காலுக்குக் கண் செருகுவதற்கு நானும் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது. அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் மாற்றவும் போகாதீர்கள், நான் முயன்று இரண்டாம் மாதமே களைத்து விட்டுவிட்டேன். ஒரு யூனிட்டை எடுங்கள், மூன்று கேள்விகளைத் தயார் செய்யுங்கள், சார்ட் பேப்பரை வெட்டுங்கள். வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, இன்று புரியாத ஒன்றை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள், பெயர் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். மறுநாள் எங்கே தொடங்குவது என்று அதிலேயே இருக்கும்.

பல்புக் கேள்வியைச் செய்து காட்டப் போகிறீர்கள் என்றால் குண்டு பல்பை இப்போதே தேட ஆரம்பியுங்கள், பழைய எலெக்ட்ரிகல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். எல்.இ.டி. பல்பை வைத்துச் செய்யாதீர்கள், அதற்குள் டிரைவர் சர்க்யூட் இருப்பதால் இந்தக் கணக்கே அங்கே செல்லாது. மெயின்ஸ் மின்சாரம், ஆகவே லேப் அசிஸ்டென்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாட்டிலும் உதிரியாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. நான் முதல் முறை காட்டிய அன்று 60 வாட் பல்பு ஃபியூஸ் போயிருந்தது, சுவிட்ச் போட்டதும் இரண்டுமே எரியவில்லை. “சீரிஸ் சார்!” என்று ஒரு குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது, அதுவும் கடைசி பெஞ்சிலிருந்து.